யூசர் நேமும் பெடியளின்ர கதையும்: கடைக்கு வாறவை கேட்கிற கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட சின்னதாக ஒரு கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் என்று பலதும் செய்தாலும் பாதி நாள் போவது பேஸ்புக், இன்ஸ்ரா, ஈமெயில் திறந்து கொடுப்பதில்தான். கம்பஸ் பெடியள் வருவார்கள், அவர்களுடைய அம்மாமார் வருவார்கள், லீவில் வந்து நிற்கிற வெளிநாட்டு மாமாமாரும் வருவார்கள். சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நோகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

யூசர் நேம் எண்டா என்ன, பேர் எண்டா என்ன பிள்ளை? ரெண்டும் ஒண்டுதானே?

இரண்டும் வேறு. உங்கள் படத்துக்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரிவது பெயர். அதைத் தமிழில் வைக்கலாம், ஒரே பெயரை ஆயிரம் பேரும் வைத்திருக்கலாம். யூசர் நேம் வீட்டு இலக்கம் மாதிரி, ஒருவருக்கு ஒன்றுதான். தபால்காரர் பெயரைப் பார்த்து மட்டும் கடிதம் கொண்டுவந்தால் ஒரு ஒழுங்கைக்குள் எத்தனை சிவகுமார் வெளியே வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ர சொந்தப் பேரை வைக்க ஏன் விடுகுதில்லை? அது என்ர பேர்தானே அக்கா!

உங்கள் பெயர்தான். ஆனால் அதே பெயருள்ள ஒருவர் உங்களுக்கு முந்திவிட்டார். நம்முடைய பெயர்கள் ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றுபவை. ஒரு வகுப்பில் மூன்று கஜன், நான்கு தர்சிகா சாதாரணம். உலகம் முழுக்க உள்ள கஜன்மாரில் முதலில் வந்தவருக்குத்தான் வெறும் பெயர் கிடைக்கும். மற்றவர்கள் பின்னால் ஒரு வாலைச் சேர்க்க வேண்டும்.

அந்த வாலுக்கும் அளவு உண்டு. இன்ஸ்ராகிராமில் மொத்தம் 30 எழுத்து. எக்ஸ் என்று பெயர் மாறின ட்விற்றரில் 15 தான். எங்கள் ஊர்த் 'திருநெல்வேலி'யை ஆங்கிலத்தில் எழுதவே 12 எழுத்து போய்விடும். ஊர்ப்பற்று உள்ளவர்களுக்கு அங்கே இடமில்லை.

தமிழில வைக்கேலாதோ?

பெயரைத் தமிழில் வைக்கலாம், யூசர் நேமை இன்ஸ்ராவிலோ எக்ஸிலோ தமிழில் வைக்க முடியாது. ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு மட்டும்தான். இன்ஸ்ராவில் புள்ளியும் விடும்.

இதனால் வேடிக்கையான ஒரு விசயம் நடக்கிறது. 'யாழ்' என்பதை ஆங்கிலத்தில் எழுதிய விதத்தைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ழகரத்துக்கு ஆர், எல் இரண்டையும் சேர்த்து எழுதுவது எங்கள் பழக்கம். இசட், எச் போடுவது தமிழ்நாட்டுப் பழக்கம். யாழ்தேவி ரயிலுக்கோ வெறும் எல் மட்டும்தான். ரயில் பைத்தியம் பிடித்த ஒரு பெடியன் அந்த எழுத்துப்படி பெயர் வைத்து, பின்னால் 1956 என்று போட்டிருக்கிறான். யாழ்தேவி ஓடத் தொடங்கின வருசம். 1990 இல் நின்று 2014 இல் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தபோது அவனுக்கு எட்டு வயது. தகப்பன் தோளில் தூக்கி வைத்துக் காட்டினாராம்.

பேருக்குப் பின்னால 021 எண்டு போடுறாங்கள். ஏதும் குழுவின்ர அடையாளமோ?

பயப்படாதீர்கள். 021 யாழ்ப்பாணத் தொலைபேசிக் குறியீடு. வீட்டில் லேண்ட் லைனைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளும் அதை ஊர்ப் பெயராகப் பாவிக்கிறார்கள். 40000 என்று கண்டால் அது யாழ்ப்பாணத் தபால் குறியீடு. என், பி என்ற இரண்டு எழுத்தும் பழைய வாகன இலக்கத் தகடுகளில் வடமாகாணத்தைக் குறித்தவை. ஜே, எச், சி என்றால் யாழ் இந்துக் கல்லூரி. பங்குனி மாதத்தில் சென்ரல், சென்ஜோன்ஸ் பெயர்கள் திடீரென்று கூடும். அந்த இரண்டு பள்ளிக்கூடமும் மோதுகிற கிரிக்கெட் மட்ச், 1904 இல் தொடங்கின 'வடக்கின் பெருஞ்சமர்', நடக்கிற மாதம் அது. மட்ச் முடிந்ததும் தோற்ற பக்கம் பெயரை மாற்றிவிடும்.

வருசங்களில் மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். எனக்கு அடி விழுந்த இடம் அது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அண்ணை ஈமெயில் பாஸ்வேர்ட் மறந்து வந்தார். முகவரியின் கடைசியில் 301095 என்று இருந்தது. "மகன்ர பிறந்த திகதியோ அண்ணை?" என்று கேட்டேன். திரையைப் பார்த்தபடியே, "இல்லைப் பிள்ளை, நாங்கள் வெளிக்கிட்ட நாள்" என்றார். 1995 ஒக்டோபர் 30. போருக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டு ஒரே இரவில் செம்மணி வீதியில் நின்ற நாள். மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டதாம். மறக்கக்கூடாத ஒரு எண்ணைப் போடும்படி கணினி கேட்டதாம், இதைப் போட்டாராம். அதற்குப் பிறகு நான் யாருடைய எண்ணையும் பிறந்தநாள் என்று ஊகித்துக் கேட்பதில்லை.

பிறந்த திகதியைப் போட்டா என்ன பிழை?

அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருசம், அடுத்த மூன்றும் அந்த வருசத்தில் நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அந்த நாளோடு 500 ஐக் கூட்டியிருப்பார்கள். பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், வருசம் மட்டும் இரண்டு இலக்கம். பிறந்த திகதியை யூசர் நேமில் போட்டால் அடையாள அட்டை எண்ணின் பாதியைச் சந்தியில் எழுதி வைத்த மாதிரி. வருசம் மட்டும் என்றால் பரவாயில்லை.

மகன் 'பனங்கொட்டை' எண்டு பேர் வைச்சிருக்கிறான். ஆரோ அவனைப் பகிடி பண்ணுறாங்களோ?

வேறு ஊர்த் தமிழர் யாழ்ப்பாணத்தாரை நக்கலடிக்கிற சொல் அது. 'பனங்கொட்டை சூப்பி' என்று நீட்டியும் சொல்வார்கள். கொழும்பில் போர்டிங்கில் இருந்து படித்தவர்களைக் கேட்டால் தெரியும், அதைச் சொல்லிக் கொழுவுப்பட்டவர்கள் உண்டு. இப்போது பெடியள் அதைத் தாங்களே எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொள்கிறார்கள். தானே வைத்த பெயரைச் சொல்லி ஒருவனைச் சீண்ட முடியாது பாருங்கள்.

ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு என்று பனையைச் சுற்றி ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. 'கூழ்' என்ற வெறும் சொல்லை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

எங்கட காலத்தில உந்தப் புனைபேர் கூத்தெல்லாம் இல்லையே பிள்ளை?

இதைக் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரை மாணவர்கள் என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. பட்டம் தெளிப்பதில் யாழ்ப்பாணத்தாரை வெல்ல ஆளில்லை. கட்டையன், மொட்டை, கிழங்கு என்று உடம்பைப் பார்த்து வைத்தது ஒரு வகை. ஒருநாள் செய்த ஒரு காரியத்துக்காக ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது இன்னொரு வகை. மரண அறிவித்தலில்கூட அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரைப் போட்டால்தான் ஆர் செத்தது என்று சனத்துக்கு விளங்கும்.

எழுதுகிறவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டதும் உண்டு. அளவெட்டியில் பிறந்த உருத்திரமூர்த்தி (1927–1971) தனக்கு வைத்த பெயர் மஹாகவி. இன்று ஒரு பெடியன் அப்படி வைத்தால் "எடுப்பைப் பார்" என்போம். அவர் எழுதிக் காட்டினார், பெயர் நின்றது. பகலில் அரச நிர்வாகத்தில் குணராசாவாக இருந்தவர் கதை எழுதும்போது செங்கை ஆழியான். ஊரை முன்னால் போடுகிறவர்களும் இருந்தார்கள்: இணுவையூர், புங்கையூர், நவாலியூர், வடகோவை. இந்த 'ஊர்' வேலையைத்தான் இப்போது 021 செய்கிறது.

பேஸ்புக்கில வெளிநாட்டுக்காரர் எல்லாம் என்னை அப்பான்ர பேர் சொல்லிக் கூப்பிடினம். ஏன்?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டால் விசயம் முடிந்தது. பேஸ்புக் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. இரண்டாவதில் என்ன போடுவது என்று தெரியாமல் எல்லாரும் அப்பாவைப் போட்டுவிட்டார்கள். ஒஸ்லோவில் வேலை செய்கிற என் ஒன்றுவிட்ட தம்பியை அங்கே 'மிஸ்டர் கந்தசாமி' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பெரியப்பா செத்துப் பத்து வருசம்.

கலியாணம் கட்டின பெண்களுக்கு இன்னும் சிக்கல். ஒரு இடத்தில் தகப்பன் பெயர், இன்னொரு இடத்தில் புருசன் பெயர். விசா விண்ணப்பம் நிரப்ப வருகிற அக்காமாருக்கு நான் சொல்வது: கடவுச்சீட்டில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கோ. பேஸ்புக்கில் பெயரை ஒருமுறை மாற்றினால் திரும்ப மாற்ற 60 நாள் பொறுக்க வேண்டும்.

பெடியள் 'செம', 'கெத்து', 'வேற லெவல்' எண்டு கதைக்கினம். யாழ்ப்பாணத் தமிழ் செத்துப் போச்சோ?

போன கிழமை போட்டோக் கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் சொன்னது இது: "மச்சான், உவன்ர எடிட் வேற லெவல், கெதியா அனுப்பச் சொல்லு." இந்த ஒரு வசனத்தைப் பிரித்துப் பாருங்கள். 'வேற லெவல்' தமிழ்நாட்டுச் சினிமாவோடு வந்தது. 'எடிட்' ஆங்கிலம். 'கெதியா', அதாவது விரைவாக, நம்முடையது. 'உவன்' இருக்கிறதே, அது தொல்காப்பியத்துச் சுட்டு. அ, இ, உ மூன்றில் உகரத்தைத் தமிழ்நாட்டுப் பேச்சு எப்போதோ கைவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெடியன் தெரியாமலே வைத்திருக்கிறான். அவன் 'அவனோட' என்று சொல்லவில்லை, 'உவன்ர' என்றுதான் சொன்னான். சொல்லை இரவல் வாங்குகிறார்கள், உருபை வாங்குவதில்லை.

இரவல் புதிதும் அல்ல. கதிரை, யன்னல், சப்பாத்து, குசினி எல்லாம் 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. 1658 இல் வந்த ஒல்லாந்தரிடம் எடுத்தவை கந்தோர் (அலுவலகம்), லாச்சி (மேசை இழுப்பறை), கக்கூசு. இன்று 'கெத்து' என்றால் முகம் சுளிக்கிற ஆசிரியர் கதிரையில் இருந்துகொண்டுதான் சுளிக்கிறார்.

ஆனாலும் எனக்கும் ஒரு மனவருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. முசுப்பாத்தி, பம்பல், பம்மாத்து, சுழியன், பேய்க்காய். இவற்றைச் சொல்லும்போது வாய்க்கே ஒரு சந்தோசம் வரும். கம்பஸ் பிள்ளைகளிடம் 'முசுப்பாத்தி' கேட்டு வருசக்கணக்காகிறது. எல்லாவற்றுக்கும் 'ஃபன்' என்று விட்டார்கள். 'ஃபன்'னில் என்ன முசுப்பாத்தி?

மகன் போனில ஆரையோ 'அடோ' எண்டு கூப்பிடுறான். கெட்ட வார்த்தையோ?

சிங்களத்தில் 'டேய்' மாதிரி. கூட்டாளிக்குள் சரி, பெரியவர்களைப் பார்த்துச் சொன்னால் அடி விழும். கொழும்பில் வேலை, கம்பஸில் சிங்களப் பிள்ளைகள் என்று பழக வரும் சொல். 'எல' என்பார்கள், நல்லது, சரி என்று அர்த்தம். நாங்கள் கொடுத்ததும் உண்டு. சிங்களப் பெடியள் ஒருவரையொருவர் 'மச்சாங்' என்று கூப்பிடுகிறார்களே, அது நம்முடைய மச்சான்தான். அங்கே போனதும் தங்கையைக் கட்டிக்கொடுக்கிற உறவெல்லாம் கழன்றுவிட்டது. இங்கேயும் கழன்று கனகாலம்.

'டிக்டாக்' எண்டு எழுதுறதோ 'ரிக்ரொக்' எண்டு எழுதுறதோ சரி?

இங்கே ரிக்ரொக். ஆங்கிலத்து 'ரி' ஒலியை நாங்கள் 'வெற்றி'யில் வருகிற ற்ற போலக் கேட்கிறோம், தமிழ்நாட்டில் ட போலக் கேட்கிறார்கள். சொல்லின் தொடக்கத்தில் றகரம் போட முடியாதென்பதால் ரகரம். அதனால்தான் நமக்கு ரொறன்ரோ, அவர்களுக்கு டொராண்டோ. தேடும்போது மட்டும் இரண்டு விதமாகவும் தேடுங்கள். பெடியள் 'டிக்டாக்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். நான் கடைப் பலகையில் இன்னும் மாற்றவில்லை.

இந்தியப் பெடியளோட கேம் விளையாடேக்க நான் சொல்லுறதுக்குச் சிரிக்கிறாங்கள், இல்லாட்டிக் கோவிக்கிறாங்கள். ஏன் அக்கா?

சொல் ஒன்று, பொருள் இரண்டு. "அம்மா பேசுவா" என்று இவன் ஹெட்செட்டைக் கழற்றினால், "பேசட்டும், நீ ஏன் போகிறாய்?" என்று அவன் கேட்பான். இங்கே பேசுவதென்றால் ஏச்சு, உரையாடுவதற்குக் 'கதை' என்ற சொல் வேறாக இருக்கிறது. 'புளுகம்' என்றால் நமக்குச் சந்தோசம், அவர்கள் காதில் பொய் என்று விழும்.

ஆகப் பொல்லாதது 'அந்தமாதிரி'. ஒரு பிள்ளை பாடின வீடியோவின் கீழ் நம்முடைய பெடியன் "தங்கச்சி அந்தமாதிரி!" என்று எழுதிவிட்டான். இங்கே அது மிகத் திறம் என்ற பாராட்டு. தமிழ்நாட்டில் அது வேறு மாதிரிப் போய்விடும். நூற்றுக்கு மேல் ஏச்சு விழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டு விளக்கம் எழுதிக் கொடுத்தது நான்தான்.

நான் கனடாவில இருந்து வந்தனான். 'சோக்காயிருக்கு' எண்டன், மருமக்கள் விழுந்து விழுந்து சிரிக்கினம். நான் என்ன பிழையாச் சொன்னனான்?

ஒரு பிழையும் இல்லை மாமா, 'சோக்கு' என்றால் திறம்தானே. நீங்கள் ஏறின விமானத்தில் உங்களோடு 1989 ஆம் ஆண்டின் தமிழும் ஏறிவிட்டது. இங்கே நின்ற சொற்கள் தேய்ந்து மாறின. உங்களோடு வந்தவை ஸ்காபுரோவில் பத்திரமாக இருந்தன. மேலே நான் முசுப்பாத்தி கேட்கவில்லை என்று அழுதேனே, உங்கள் வாயில்தான் அதைக் கடைசியாகக் கேட்டேன். மருமக்களுக்கு இரண்டு நாள் கழித்து 'சோக்கு' பிடித்துவிட்டது. ஒருத்தி அதையே யூசர் நேமில் சேர்த்துவிட்டாள்.

வேலைக்குப் போடப்போறன். பழைய ஈமெயில் 'கியூட் வில்லன்' எண்டு இருக்கு. பரவாயில்லையோ?

பரவாயுண்டு. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அந்த முகவரியைக் கிராம சேவகருக்குச் சத்தமாக, எழுத்தெழுத்தாகச் சொல்ல முடியுமா? முகம் சிவந்தால் புதிது திறவுங்கள். ஜிமெயிலில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முகவரிதான். அதனால் புள்ளி போட்டுப் புதுப் பெயர் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழையதை மூடவும் வேண்டாம், வருகிற கடிதம் புதியதுக்குப் போகும்படி செய்துவிடலாம். வங்கியும் பேஸ்புக்கும் வில்லனோடுதானே கட்டியிருக்கின்றன.

பேரை மாத்தினா பழைய பேர் ஆருக்குப் போகும்?

முதலில் கேட்பவருக்கு. இன்ஸ்ராவில் பெரும்பாலும் 14 நாளுக்குள் பழையதுக்குத் திரும்பலாம், பிறகு உறுதியில்லை. ரிக்ரொக்கில் 30 நாளுக்கு ஒருமுறைதான் மாற்ற விடும். கடை, வகுப்பு நடத்துகிறவர்கள் அச்சடித்த நோட்டீசில் பழைய பெயர் இருந்தால் மாற்றாதீர்கள். அதை இன்னொருவன் எடுத்தால் உங்கள் வாடிக்கையாளர் எல்லாம் அவனிடம் போவார்கள்.

என்ர படத்தையும் பேரையும் போட்டு ஆரோ ஐடி திறந்திருக்கிறான். என்ன செய்ய?

முதலில் திரையைப் படம் பிடியுங்கள், யூசர் நேம் தெரிகிற மாதிரி. பெயரை அவன் நொடியில் மாற்றுவான். பிறகு அந்தச் செயலியிலேயே 'என்னைப்போல் நடிக்கிறார்' என்று முறையிடுங்கள், கூட்டாளிகளையும் முறையிடச் சொல்லுங்கள். காசு கேட்டிருந்தால் பொலிஸ். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது குற்றம். அவனோடு இன்பொக்ஸில் கொழுவப் போகாதீர்கள்.

மகளின்ர இன்ஸ்ராவில சொந்தப் பேரும் இல்லை, முகமும் இல்லை. ஏதும் களவோ பிள்ளை?

இது அம்மாமார் குரலைத் தணித்துக் கேட்பது. நேராகச் சொல்கிறேன்: இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை சொந்தப் பெயரில் ஒரு படம் போட்டால் சின்னம்மா முதல் ரியூசன் வாத்தியார் வரை எல்லாரும் பார்ப்பார்கள், பின்னேரத்துக்குள் கதை வீட்டுக்கு வந்துவிடும். முன்பின் தெரியாதவன் படத்தை எடுத்து என்ன செய்வான் என்ற பயம் வேறு. மேலே சொன்ன போலி ஐடிக் கதை எல்லாருக்கும் தெரியும். பெயரை மறைப்பது பாதிநேரம் கெட்டித்தனம். யார் யாரோடு கதைக்கிறாள் என்பதைத்தான் கேட்க வேண்டும், அதுவும் போனைப் பறிக்காமல்.

ஒரு அம்மாவிடம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தான் பள்ளிக்கூடக் காலத்தில் இலங்கை வானொலி நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை போடும்போது வேறு பெயர்தான் எழுதினவர் என்றார். சொந்தப் பெயர் ரேடியோவில் வந்தால் அப்பா முதுகுத்தோலை உரித்திருப்பாராம். வேறு பெயர் வந்தபோது அப்பா பக்கத்திலேயே இருந்து கேட்டாராம், ஒன்றும் விளங்கவில்லையாம். "அந்தப் பேரில எனக்கும் ஒண்டு திறந்து தாறியோ?" என்றார். தட்டிப் பார்த்தேன். ஆரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். பின்னால் 021 போட்டுத்தான் கிடைத்தது.